ரிம் ஆஃப்செட்: ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செந்தூலில் இருந்து ஜெலுத்தோங் வரை எந்த டயர் கடையில் நின்றாலும் ரிம் பேச்சு இஞ்சில்தான் தொடங்கும். அடுத்தது நிறம், பிறகு விலை. ஆஃப்செட் கடைசியில்தான் வரும், சில நேரம் உரசல் சத்தம் கேட்ட பிறகு வரும். அந்த வரிசையை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம்.

ஆஃப்செட் என்றால் சரியாக என்ன?

ரிம்மின் அகலத்தை நேர் பாதியாகப் பிரிக்கும் ஒரு கோட்டைக் கற்பனை செய்யுங்கள். ரிம் ஹப்பில் (சக்கரத்தைப் பூட்டும் சுழலும் நடுப்பாகம்) போய் உட்காரும் தட்டையான முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறதோ, அதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாக, ஸ்போக் இருக்கும் பக்கமாகத் தள்ளியிருந்தால் பிளஸ். உள்பக்கமாக இருந்தால் மைனஸ். நடுக்கோட்டிலேயே இருந்தால் பூஜ்யம்.

குழப்பம் வருவது இங்கேதான். எண் கூடினால் ரிம் காருக்கு உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். +48 ரிம்மைவிட அதே அகலத்தில் +38 ரிம் 10 மி.மீ. வெளியே நிற்கும்.

ரிம்மில் அது எங்கே எழுதியிருக்கும்?

பெரும்பாலும் ஸ்போக்கின் பின்புறம் வார்ப்பிலேயே இருக்கும். "இடி45" என்றோ, "+45" என்றோ, "இன்செட் 45" என்றோ போட்டிருப்பார்கள். இடி என்பது ஜெர்மன் சொல்லின் சுருக்கம், மூன்றும் ஒரே அர்த்தம்தான். பக்கத்திலேயே "17×7ஜேஜே" போன்ற அளவும் இருக்கும். ஜப்பானிய ரிம்களில் சில நேரம் பேரலின் உட்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் மட்டும் இருக்கும். பழைய கார் உதிரிபாகம் விற்கும் ஹாஃப் கட் கடைகளுக்கு வந்து சேரும்போது அது பாதி கிழிந்திருக்கும், அல்லது மறு பெயின்ட்டில் மறைந்திருக்கும்.

எழுதியே இல்லாத செகண்ட் ஹேண்ட் ரிம்மை எப்படி அளப்பது?

டயர் இல்லாத ரிம் என்றால் ஐந்து நிமிட வேலை. ஒரு பழைய துணியை விரித்து, ரிம்மின் அழகான முகம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். மேலே வந்திருக்கும் பின் விளிம்பின் குறுக்கே ஒரு நேரான கம்பியை வைத்து, கம்பியின் அடிப்பக்கத்திலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை அளவெடுங்கள். இதைப் பேக்ஸ்பேஸ் என்பார்கள். பிறகு ஒரு விளிம்பின் வெளிப்புறத்திலிருந்து மறு விளிம்பின் வெளிப்புறம் வரை ரிம்மின் மொத்த அகலத்தை அளந்து, அதில் பாதியைப் பேக்ஸ்பேஸிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது ஆஃப்செட்.

ஓர் 8 இஞ்ச் ரிம் என்று வையுங்கள். மொத்த அகலம் 229 மி.மீ., பேக்ஸ்பேஸ் 159 மி.மீ. பாதி அகலம் 114.5. கழித்தால் 44.5, அதாவது +45 ரிம்.

8 இஞ்ச் என்றால் 203 மி.மீ. தானே, 229 எப்படி வந்தது என்று கேட்கலாம். ரிம்மின் "அகலம்" டயர் உட்காரும் இடத்துக்கு மட்டுமான அளவு. இரு பக்கமும் விளிம்பு அரை அரை இஞ்ச் கூடுதலாக இருக்கும். இதை மறந்து 203-ஐப் பாதியாக்கிக் கணக்குப் போட்டால் பதின்மூன்று மில்லிமீட்டர் பிசகும்.

பழைய ரிம்மையும் புதிய ரிம்மையும் எப்படி ஒப்பிடுவது?

அகல வித்தியாசத்தை மில்லிமீட்டராக்கிப் பாதியாக்குங்கள். ஆஃப்செட் வித்தியாசத்தைத் தனியாக எடுங்கள். ஆஃப்செட் குறைந்திருந்தால் அந்த வித்தியாசத்தை வெளிப்பக்கத்துக்குக் கூட்டி, உள்பக்கத்துக்குக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

டொயோட்டா 86-ஐ எடுப்போம். கம்பெனி ரிம் 17×7, +48. வாங்க நினைப்பது 18×8.5, +45. அகல வித்தியாசம் ஒன்றரை இஞ்ச், அதாவது 38.1 மி.மீ., பாதி 19. ஆஃப்செட் வித்தியாசம் 3. வெளிப்பக்கம் 19 கூட்டல் 3, 22 மி.மீ. வெளியே வரும். உள்பக்கம் 19 கழித்தல் 3, 16 மி.மீ. அப்சார்பரை நோக்கிப் போகும்.

இப்போது அதே 18×8.5-ஐ +30-இல் பாருங்கள். ஆஃப்செட் வித்தியாசம் 18. வெளியே 37 மி.மீ., உள்ளே வெறும் 1 மி.மீ. கடைக்காரருக்கு இது மிகவும் பிடிக்கும். உள்ளே எதுவும் தட்டாது, போட்டுக் காட்டினால் கார் அகலமாகத் தெரியும், "பிரச்சினை இல்ல பாஸ்" என்று சொல்லி அனுப்பிவிடலாம். பிரச்சினை நீங்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நாளில் வரும்.

அப்படியானால் நல்ல ஆஃப்செட் எது?

முதலில் உள்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தை எவ்வளவு பயன்படுத்த முடியுமோ அவ்வளவு பயன்படுத்திவிட்டு, மிச்ச அகலத்தை வெளியே விடுங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஃபெண்டரோடு (சக்கரத்தை மூடும் உடல் தகடு) ரிம் சமமாக நிற்க வேண்டும் என்று தொடங்கி, உள்ளே என்ன ஆகிறது என்று பார்ப்பதே இல்லை.

காரணம் ஸ்டீயரிங்கில் இருக்கிறது. முன் சக்கரம் திரும்புவது ஒரு சாய்ந்த அச்சைச் சுற்றி. அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம்தான் ஸ்க்ரப் ரேடியஸ். ரிம் அகலம் கூடினால் டயர் இரு பக்கமும் சமமாக விரியும், நடுக்கோடு நகராது. ஆஃப்செட் மாறினால்தான் நடுக்கோடே நகரும். மேலே சொன்ன +45 ரிம் வெளியே 22 மி.மீ. வந்தாலும் நடுக்கோடு நகர்ந்தது 3 மி.மீ. மட்டும், ஸ்டீயரிங் கிட்டத்தட்டப் பழைய மாதிரியே இருக்கும். +30 ரிம்மில் 18 மி.மீ. நகர்ந்துவிட்டது. ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் கையில் தெரியும், லாரி ஓடிக் குழிந்த தடங்களில் கார் தானாக அலையும். மழையில் ஹைவேயின் ஓரத்தில் தேங்கிய தண்ணீரில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமாகப் பிடித்து இழுக்கும். வீல் பியரிங்கின் மேலும் நெம்புகோல் போல பாரம் கூடும்.

எங்கள் கணக்கில், தினமும் ஓட்டும் காருக்கு நடுக்கோடு 10 மி.மீ. வரை நகர்ந்தால் கவலை இல்லை. 15-ஐத் தாண்டினால் என்ன இழக்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

டைப் ஆரில் மட்டும் ஏன் +60?

எஃப்கே8 சிவிக் டைப் ஆர் கம்பெனி ரிம் 20×8.5, +60. அடுத்து வந்த எஃப்எல்5 19×9.5, அதுவும் +60. முன் சக்கர டிரைவில் அவ்வளவு குதிரைத்திறன் போனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்டீயரிங் கையை விட்டு ஓடும். அதை அடக்கத்தான் ஹோண்டா முன்பக்கத்தில் ஸ்டீயரிங் அச்சைத் தனியாகப் பிரித்து, சக்கரத்தின் நடுவுக்குப் பக்கமாகக் கொண்டுபோனது. இந்தக் காரில் +45 போடுவது ஹோண்டா கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி. எஃப்கே8-இல் 18 இஞ்சுக்கு இறங்கி டயரைத் தடிப்பாக்க நினைப்பவர்கள் 9.5 அகலத்திலும் +60-ஐ ஒட்டியே தேடுவது நல்லது. நடுக்கோடு நகராது, இரு பக்கமும் 12.7 மி.மீ. விரியும். பிரேக் கேலிப்பருக்கு (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) ஸ்போக் இடம் விடுகிறதா என்பது தனிக் கேள்வி, கீழே இருக்கிறது.

உள்பக்க இடத்தை எப்படி அளப்பது?

கார் சமதரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, இப்போது இருக்கும் சக்கரத்தோடே பாருங்கள். டயரின் உள்சுவருக்கும் அப்சார்பர் உடலுக்கும் இடையே கை நுழையாத இடம் இருக்கும். அங்கே விரல் தடிப்புக்குக் குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணை ஒட்டி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய தடிப்பை அளந்தால் இடைவெளி கிடைக்கும். கோய்லோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்ப்ரிங்-அப்சார்பர்) போட்ட காரில் ஸ்ப்ரிங் உட்காரும் தட்டும் அதைப் பூட்டும் வளையமும்தான் முதலில் இடிக்கும், உடல் அல்ல. அங்கேயும் ஒட்டுங்கள். புதிய ரிம் போட்ட பிறகு குறைந்தது 5 மி.மீ. மிஞ்ச வேண்டும். டயரும் புஷ்ஷும் வளைவில் நெளியும்.

பின்னால் ஸ்ப்ரிங், ஆர்ம், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் நான்கையும் பாருங்கள். வயர் கிளிப்பிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தால் எந்தக் கணக்கும் உதவாது.

டயரையும் கணக்கில் சேருங்கள். ரிம் அரை இஞ்ச் அகலமானால் அதே டயரின் சுவர் மொத்தத்தில் சுமார் 5 மி.மீ. விரியும். 225 என்று எழுதிய இரண்டு பிராண்டுகள் பக்கத்தில் வைத்தால் ஒரே அகலத்தில் இருக்காது. ட்ராக் டயர்கள் பொதுவாகத் தோள் சதுரமாக, அகலமாக வரும்.

வெளிப்பக்கத்துக்கு?

கொத்தனார் தூக்குக் குண்டு மாதிரி ஒன்று போதும். நூலில் ஒரு பழைய வீல் நட்டைக் கட்டி, ஃபெண்டர் விளிம்பின் உச்சியில் டேப்பால் ஒட்டித் தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயர் சுவரின் மிகவும் புடைத்த இடத்துக்கும் உள்ள தூரம்தான் உங்கள் கையிருப்பு. கணக்கில் வந்த 22 மி.மீ. இதில் அடங்குகிறதா என்று பாருங்கள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். இடது வலது 3, 4 மி.மீ. வித்தியாசம் சகஜம், அடிபட்டு வேலை செய்த காரில் இன்னும் கூடும்.

போட்ட பிறகு உரசுகிறது. எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தம் வரும் நேரத்தைக் கவனியுங்கள். மால் கார் பார்க்கின் சுழல் ஏற்றத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஏறும்போது வந்தால், முன் சக்கரத்தின் பின்னால் உள்ள பிளாஸ்டிக் லைனர் அல்லது பம்பரின் முனை. லைனரை ஹீட் கன்னால் இளக்கி உள்ளே தள்ளினாலே பல கார்களில் சரியாகும். நேராகப் போய் வேகத்தடையில் இறங்கும்போது "கிர்ர்" என்றால் ஃபெண்டரின் உள் மடிப்பு. பின் இருக்கையில் ஆள் ஏறினால் மட்டும் வருகிறதென்றால் பின் ஃபெண்டர். கென்டிங் ஏற்றத்திலோ தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் வளைவுகளிலோ ஒரு பக்கம் மட்டும் வந்தால், உடல் சாய்ந்து வெளிச்சக்கரம் உள்ளே அமுங்குகிறது.

சந்தேகம் இருந்தால் ஃபெண்டரின் உள் மடிப்பில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். அழிந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

சத்தம் போடும் உரசல் நல்ல உரசல், காரணம் நீங்கள் நிறுத்திப் பார்ப்பீர்கள். அப்சார்பரில் உரசும் உள்சுவர் பெரும்பாலும் சத்தமே போடாது. ரப்பர் மெல்லத் தேய்ந்து நூலிழை தெரியும்வரை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, பிறகு ஹைவே வேகத்தில் வெடிக்கும். புதிய ரிம் போட்ட முதல் வாரம் ஒருமுறை, முதல் மாதம் ஒருமுறை டார்ச் அடித்து உள்சுவரைப் பாருங்கள். பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அன்றே கழற்றுங்கள்.

கேம்பர் வைத்துச் சமாளிக்கலாமா?

ஓரளவு. கேம்பர் என்பது சக்கரத்தின் சாய்வு, உச்சி உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பர் கூட்டினால் டயரின் உச்சி 5 மி.மீ. சொச்சம் உள்ளே போகும். ஆனால் எதை வைத்துக் கூட்டுகிறீர்கள் என்பது முக்கியம். 86 போன்ற, அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கும் மெக்ஃபெர்சன் முன்பக்கத்தில் மேலே உள்ள கேம்பர் பிளேட்டால் சாய்த்தால் அப்சார்பரும் சக்கரமும் சேர்ந்தே சாயும், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறாது. கீழே நக்கிள் (ஹப்பைத் தாங்கும் பாகம்) அப்சார்பரோடு சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் போட்டால் சக்கரம் மட்டும் அப்சார்பரை நோக்கிச் சாயும். வெளி ஃபெண்டர் தப்பிக்கும், உள்ளே தட்டும். கேம்பரைத் தொட்டால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறும், அன்றே அலைன்மெண்ட் செய்யாவிட்டால் டயரின் உள்ஓரம் சில வாரங்களில் போய்விடும்.

ஸ்பேசர் போடலாமா?

போடலாம், ஒழுங்காகப் போட்டால். ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தகடு. 15 மி.மீ. ஸ்பேசர் +48 ரிம்மை +33 ஆக்கும், மேலே சொன்ன எல்லா விளைவும் இதற்கும் உண்டு.

3, 5 மி.மீ. தகடு போன்றவை ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டியிருக்கும், நட் ஏறும் தண்டு) அப்படியே நுழைபவை. அவை நட் பிடிக்கும் நூல் இழையைத் தின்னும். நட் குறைந்தது ஸ்டட்டின் தடிப்பு அளவுக்காவது ஏற வேண்டும். எம்12×1.5 ஸ்டட்டில் 8 சுற்று, 86-இல் வரும் எம்12×1.25-இல் 10 சுற்று, எம்14×1.5-இல் 9 அல்லது 10. கையால் சுற்றி எண்ணுங்கள். குறைந்தால் நீள ஸ்டட் மாற்றாமல் ஓட்டாதீர்கள். இன்னொன்று, தகடு ஹப்பின் நடு வளையத்தை மூடிவிட்டால் ரிம்மைத் தாங்கி நடுவில் நிறுத்த ஒன்றும் இருக்காது. 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், கடையில் நாலு தடவை பேலன்சிங் செய்தாலும் போகாது.

15 மி.மீ.க்கு மேல் சொந்த ஸ்டட் உள்ள வகையை வாங்குங்கள், நடு வளையம் உள்ளதாக. காரின் பழைய ஸ்டட் ஸ்பேசரைத் தாண்டி நீட்டிக்கொண்டு ரிம்மின் முகத்தில் இடிக்கிறதா என்று பொருத்தும் முன் பாருங்கள். இடித்தால் ரிம் முழுதாக உட்காரவே உட்காராது, ஆனால் நட் இறுகியது போலக் காட்டும். பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வேகன் போன்ற போல்ட் வைத்த கார்களில் ஸ்பேசர் தடிப்புக்குச் சமமாக நீளமான போல்ட் வேண்டும். அளவுக்கு மேல் நீளம் என்றால் பின்னால் ஹேண்ட் பிரேக் பாகத்தில் போய்த் தட்டும்.

ஆஃப்செட் சரியாக இருந்தும் ரிம் பொருந்தவில்லையே?

மூன்று இடங்களைப் பாருங்கள்.

பிசிடி, அதாவது நட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். 5×112-உம் 5×114.3-உம் கண்ணுக்கு ஒன்றுதான். நட்டைத் திணித்தால் ஏறிவிடும் என்பதுதான் ஆபத்து. ஸ்டட் சாய்வாக இழுபட்டு, நட் மெல்லத் தளரும். ஜிஆர் யாரிஸ் 5×114.3, ஜிஆர் சுப்ரா 5×112. டொயோட்டா என்று இரண்டிலும் இருப்பதால் ஏமாற வேண்டாம்.

நடுத்துளை. 86-இன் ஹப் 56.1 மி.மீ. 5×100 என்று பார்த்து டொயோட்டா விஷ் ரிம் வாங்கினால் அதன் துளை 54.1, நுழையாது. துளை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போட்டுச் சரிசெய்யலாம். சிப்பாங் ட்ராக்கில் ஓட்டுபவர்கள் அலுமினிய ரிங் வாங்குங்கள், பிளாஸ்டிக் பிரேக் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும்.

நட் உட்காரும் வடிவம். ஹோண்டா கம்பெனி நட்டின் அடி பந்து போல உருண்டை, வெளி ரிம்கள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. பழைய நட்டையே போட்டால் ஒரு மெல்லிய வளையம்தான் பிடித்திருக்கும். ரிம் விலையில் நட்டுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.

பெரிய பிரேக் போட்டிருக்கிறேன். ஆஃப்செட் குறைத்தால் கேலிப்பர் தப்புமா?

சொல்ல முடியாது. கேலிப்பருக்கு இடம் விடுவது ஸ்போக்கின் வளைவு. ஒரே அளவு, ஒரே ஆஃப்செட் உள்ள இரண்டு டிசைனில் ஒன்று நுழையும், இன்னொன்று தட்டும். கேலிப்பரின் வடிவத்தைத் தடித்த அட்டையில் வெட்டி, ஹப் முகத்திலிருந்து அளவு பிசகாமல், ரிம்முக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். எங்கேயும் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. புதுப் பேட் போடும்போது கேலிப்பர் நகரும் வகை என்றால் இன்னும் கொஞ்சம் விடுங்கள்.

டயரை ஸ்ட்ரெச் செய்து உள்ளே இழுத்தால்?

215/45-ஐ 9.5 இஞ்ச் ரிம்மில் இழுத்துப் போட்டுப் படம் எடுக்கலாம். கோலாலம்பூர் குழிகளில் ஓட்ட முடியாது. டயர் விளிம்பிலிருந்து கழலும், கழலாவிட்டால் ரிம் நேரடியாக அடி வாங்கும். 225/40 ஆர்18 டயருக்கு 7.5 முதல் 9 இஞ்ச் வரைதான் ரிம்.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடிக்குமா?

டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலைத் தடுப்பில் சம்மன் எதிர்பார்க்கலாம். காரை விற்கும்போது பி5 பரிசோதனையிலும் கேட்பார்கள், கம்பெனி ரிம்மை விற்றுவிடாதீர்கள். சட்டம் இல்லாவிட்டாலும், நீட்டிய டயர் மழையில் கதவு முழுக்கச் சேற்றை இறைக்கும்.

நான்கு சக்கர டிரைவில் பின்னால் மட்டும் அகல ரிம் போடலாமா?

ஜிஆர் யாரிஸ் போன்றவற்றில் வேண்டாம். முன் பின் டயரின் சுற்றளவு வேறுபட்டால் முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிரும் நடு கப்ளிங் ஓயாமல் வேலை செய்து சூடேறும். கம்பெனி அளவு 18×8, +45. நான்கிலும் 18×9, +40 என்றால் வெளியே 17.7, உள்ளே 7.7 மி.மீ. இந்தக் காருக்கு அது நாகரிகமான அளவு.

கடைசியாக, கடையில் நட் இறுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்களா என்று பாருங்கள், ஒரு துரு செதில் போதும் ரிம் கோணலாக. நட்டை முதலில் கையால் சுற்றி ஏற்ற வேண்டும். ஏர் கன்னை எடுத்தவுடனே அமுக்கினால் இழை பிசகும். குறுக்கு நெடுக்காக, நட்சத்திர வரிசையில், காரைத் தரையில் இறக்கி டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். 86-க்கு 120 நியூட்டன் மீட்டர், மற்றதற்குக் காரின் கையேட்டைப் பாருங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு, ரிம் ஆறிய நிலையில், மறுபடி ஒருமுறை ரெஞ்ச் வையுங்கள். புது ரிம்மில் ஏதாவது ஒரு நட் கால் சுற்று போகத்தான் போகும்.